தவளை சொன்ன கர்ப்பம்

பெண்டாட்டி பூமயில் செத்துப்போன செய்தியை மலையாண்டிக்கு ராமநாதபுரம் ஸ்டேஷனில் வைத்துச் சொன்னவன் அவள் அண்ணன் கூத்தையா.

"விடியக்காலம் போயிட்டா மாப்ள" என்றான். அவ்வளவுதான். மலையாண்டியின் கையிலிருந்த தகரப்பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அவளுக்கு ரொம்ப முடியவில்லை என்ற தந்தி கொழும்பில் கைக்கு வந்ததிலிருந்து மலையாண்டி உட்காரவில்லை. தலைமன்னார்க் கப்பலில் மேல்தட்டிலேயே நின்றுகொண்டு வந்தான். தனுஷ்கோடியில் சுங்கத்துக்காரன் பெட்டியைக் கிளறி, சேலையை விரித்து, "யாருக்கு?" என்று கேட்டபோது சேலையை வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். ரயிலிலும் கதவோரமாகவே நின்றான். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"கடைசியில கூட யாரு இருந்தா?" என்று கேட்டான்.

"நான் இருந்தேன். ஒங்க வீட்டு ஆளுக ஒருத்தரும் இல்ல."

மலையாண்டி கேட்க நினைத்தது அது அல்ல. கேட்க நினைத்ததைக் கேட்க முடியாது.

அவன் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மிளகாய் மண்டியில் தராசு பிடிக்கிறவன். ஊரைவிட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாசிக்கு மேல் பூமயிலுக்குத் தீட்டு நின்றது. வாந்தி எடுத்தாள். வயிறு மேடுதட்டியது. ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் அவளுடைய மூத்திரத்தை மதுரைக்கு அனுப்பினாள். அங்கே அதை ஒரு தவளைக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். கர்ப்பம் என்று வந்தது. ஆஸ்பத்திரி ஆயா அதைச் சந்தைக்கு வந்த ஒருத்தியிடம் சொல்ல, நயினார்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் தவளை சொன்னதைத் தெரிந்துகொண்டன. புருஷன் கடலுக்கு அந்தப்பக்கம். பெண்டாட்டிக்குக் கர்ப்பம். கப்பலேறி வந்த ஊர்க்காரன் ஒருவன் அதை மண்டிவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தான். அன்றைக்கு நிறுத்திய கடிதத்தை மலையாண்டி அப்புறம் எழுதவில்லை. அவளும் எழுதச் சொல்லி ஆள் தேடவில்லை.

ஜட்கா வண்டியில் ஏறியதும் கூத்தையா திரும்பி உட்கார்ந்தான்.

"ஒண்ணு இப்பவே சொல்லிப்புடுறேன் மாப்ள. மதுரையில இருந்து ஒரு டாக்டர் காருல வந்து எறங்கிருக்காரு. வயித்தக் கீறிப் பாக்கணுங்காரு. புருசன் கையெழுத்துப் போடணுமாம். நீ போட்ட, நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சில்ல."

"ஏன் மச்சான்?"

"ஏனா? நம்ம பக்கத்துல எந்தப் பொணத்தக் கீறுவாக?"

மலையாண்டிக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவளை அப்படியே எரிக்கக்கூடாது. மருத்துவச்சி கருத்தம்மாள் சுடுகாட்டில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துத் தனியே புதைப்பாள். வேறு எந்தப் பிணத்தின் மேலும் கத்தி படாது. வயிற்றில் தையலோடு ஒருத்தி ஊர் எல்லைக்கு வந்தால், அவள் வயிற்றில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

"ஒண்ணுமில்லாத வயித்த எதுக்குக் கீறணும்? கீற விட்டா, இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றான் கூத்தையா.

"ஒண்ணுமில்லன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

கூத்தையா அவனைப் பார்த்தான். வண்டிக்காரன் குதிரையைத் தட்டினான். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

வேப்பமரத்தடியில் மலையாண்டியின் அய்யா செல்லச்சாமி துண்டை உதறிக்கொண்டு நின்றார். அவருக்கு இது காட்டுவேலை கெட்ட நாள். மகனைக் கண்டதும் அழவில்லை.

"வந்துட்டியா. வண்டி பூட்டி வச்சிருக்கேன். தூக்கிப்போட்டுக்கிட்டு நேரா சுடுகாட்டுக்குப் போயிருவோம். கருத்தம்மாகிட்டச் சொல்லியாச்சு. அவ எடுக்க வேண்டியத எடுத்துருவா. கொள்ளி நீ வைக்காத. அவ அண்ணன் வைக்கட்டும்."

"எடுக்க என்னய்யா இருக்கு?" என்று கூத்தையா பாய்ந்தான். "எந்தங்கச்சி மேல எவ கத்தி வச்சாலும் அவ கைய முறிப்பேன்."

"ஈருயிராப் போனவள அப்பிடியே எரிச்சா மழ பேயாதுலே. மொளகாயெல்லாம் ஏற்கெனவே காஞ்சு கெடக்கு."

"ஒங்க மொளகாய்க்கு எந்தங்கச்சியா கெடச்சா?"

மலையாண்டி இருவரையும் விட்டு விலகி நடந்தான். கிணற்றடி வரை போனான். திரும்பி வந்தான். மறுபடியும் போனான். அய்யா சொல்கிறபடி விட்டால் சுடுகாட்டில் கருத்தம்மாள் கீறுவாள். கூத்தையா சொல்கிறபடி விட்டால் அப்படியே எரியும். ஒன்றில் ஊர் பார்க்கும், அவன் தள்ளி நிற்க வேண்டும். மற்றதில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. சாகிறவரைக்கும் கொழும்பில் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு, இருந்ததா இல்லையா, இருந்ததா இல்லையா என்று அரைக்க வேண்டியதுதான்.

டாக்டர் தேவசகாயம் வராந்தாவில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர். ஒல்லியான ஆள். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்கேல் செருகியிருந்தார்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? உட்காருங்க."

"நிக்கிறேன்."

"சரி. சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இது பிள்ளை இல்லன்னு நான் நினைக்கிறேன். உங்க மனைவி கடைசியில ரத்தமா இருமினாங்க. பிள்ளைத்தாய்ச்சி அப்படி இருமமாட்டா. கர்ப்பப்பையில ஒருவகைப் புற்று உண்டு, ரொம்ப அபூர்வம். இத்தனை வருஷத்துல விரல்விட்டு எண்ணுற அளவுதான் பார்த்திருக்கேன். ஆனா இது நினைப்பு. திறந்து பார்த்தாதான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

"அப்ப தவளை?"

"தவளைக்கு வித்தியாசம் தெரியாது. கர்ப்பத்துல மூத்திரத்தோட ஒரு சத்து வரும். இந்தப் புற்றுலயும் அதே சத்துதான் வரும், இன்னும் அதிகமா வரும். தவளை ரெண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லும். லேடி டாக்டர் இதை உங்க வீட்டாள்கிட்டச் சொல்லி, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க, கர்ப்பப்பையை எடுத்துரலாம்னு சொல்லியிருக்காங்க."

மலையாண்டி அய்யாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார்.

"சொன்னாக" என்றார். "அவளோட ஊரு பாக்க ரயிலேறி யாரு போறது? ஒந்தம்பி போகமாட்டேன்னுட்டான்."

மலையாண்டி மறுபடியும் டாக்டர் பக்கம் திரும்பினான். "பொணத்தக் கீறி ஒங்களுக்கு என்ன வரப்போகுது?"

"எனக்கா?" டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் வேணும்தான். போஸ்ட்மார்ட்டத்துக்கு வர்ற பெண்கள் எல்லாருக்கும் கர்ப்பப்பையை அளந்து வச்சுட்டு வர்றேன். நீளம், அகலம், எடை. புத்தகத்துல இருக்கிற அளவெல்லாம் வெள்ளைக்காரப் பொம்பளைகளோடது. நம்ம பெண்களுக்கு எது சரியான அளவு, எது வீக்கம்னு எவனுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா, வயிறு மேடிட்ட உடனே இது கர்ப்பமா வேறயான்னு சந்தேகப்படவாவது ஒரு வழி இருந்திருக்கும்."

"அளக்கவா?" கூத்தையா வராந்தாவின் படியில் ஏறிவிட்டான். "எந்தங்கச்சி என்ன, மல் துணியா? கெசக்கோல வச்சு அளக்க?"

டாக்டர் சட்டைப்பையிலிருந்த ஸ்கேலை உள்ளே தள்ளினார். கோபப்படவில்லை.

மலையாண்டி கேட்டான்: "நான் உள்ள நிக்கலாமா?"

"அது வழக்கமில்ல. நீங்க தாங்கமாட்டீங்க."

"நான் பாக்கணும். நீங்க சொல்லி நான் கேக்குறது வேண்டாம். என் கண்ணால பாக்கணும். விட்டா கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா வண்டியில ஏத்திக்கிட்டுப் போறேன்."

"மாப்ள!"

"மச்சான், நீ அண்ணன். ஒனக்கு நம்பிக்கை இருக்கு. எனக்கு அது இல்ல. இருந்திருந்தா கடுதாசி போட்டிருப்பேன்ல?"

கூத்தையா படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சவக்கொட்டகை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உடைமரங்களுக்கு நடுவே இருந்தது. உள்ளே ஒரு சிமெண்டு மேடை. மேலே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக வெயில் விழுந்தது. பூமயிலின் முகத்தில் யாரோ துண்டைப் போட்டிருந்தார்கள். மலையாண்டி அந்தத் துண்டை எடுத்தான். கன்னம் ஒட்டிப்போய், வேறு ஊர்ப் பெண் மாதிரி இருந்தாள். காதில் தோடு இல்லாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தது. திரும்பவும் துண்டைப் போட்டான். சுவரோரமாகப் போய் நின்றான். கால்கள் நிற்கவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தான்.

டாக்டர் வேலையைத் தொடங்கினார். கூட ஒரே ஒரு ஆள், பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க. மலையாண்டி முதலில் கூரையைப் பார்த்தான். அப்புறம், இதற்காகத்தானே வந்தோம் என்று மேடையைப் பார்த்தான்.

கர்ப்பப்பை வெளியே வந்தது. டாக்டர் அதைத் தட்டில் வைத்து ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தார். நீளத்தைச் சொன்னார், அகலத்தைச் சொன்னார். தராசில் தூக்கி வைத்தார். தராசு முள் ஆடி நின்றது. பிழைப்பே தராசாக இருந்த மலையாண்டிக்கு அந்த முள்ளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கனம் இருந்தது. கனமாக ஏதோ உள்ளே இருந்தது.

"பக்கத்துல வாங்க" என்றார் டாக்டர். "இப்பத் திறக்கப் போறேன்."

வந்தான். கத்தி மேலிருந்து கீழே ஒரே கோடாக இறங்கியது. இரண்டு பக்கமும் புத்தகம் மாதிரி விரிந்தது.

பிள்ளை இல்லை. கை இல்லை, கால் இல்லை, கொடி இல்லை, பனிக்குடம் இல்லை. உள்சுவரில் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி. அத்திப்பழத்தை நசுக்கி ஒட்டியது போல. இரத்தம் உறைந்து அடுக்கடுக்காக நின்றது. இரண்டு பக்கத்துச் சினைப்பைகளும் நீர்க்கொப்புளமாக ஊதியிருந்தன.

"இதுதான் வயித்தை மேடாக்கினது" என்றார் டாக்டர். பிறகு நுரையீரலை அறுத்துக் காட்டினார். அங்கேயும் அதே கருஞ்சிவப்பு, சுண்டைக்காய் சுண்டைக்காயாக. "இதுதான் ரத்தமா இருமினது."

மலையாண்டி இரண்டு கைகளாலும் மேடையின் விளிம்பைப் பிடித்தான்.

"இது எங்கயிருந்து வந்துச்சு?"

"நீங்க கொழும்புக்குப் போறதுக்கு முன்னாடி இவங்களுக்குக் கர்ப்பம் கலைஞ்சுதா?"

"கலைஞ்சது. பிள்ளையா இல்ல. நொங்கும் நொரையுமா, திராட்சக்கொல மாதிரி வந்துச்சு. கருத்தம்மா முத்துப்புள்ளன்னா. கொல்லையில பொதச்சா."

"அதுல மிச்சம் உள்ள தங்கிடும். கண்ணுக்குத் தெரியாது. எல்லாருக்கும் இல்ல, நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு, அது பின்னால புற்றா முளைக்கும். இது வேற யாரோட கர்ப்பமும் இல்ல. அந்தக் கர்ப்பத்தோட மிச்சம்."

"அந்தக் கர்ப்பம் என்னோடது."

"ஆமா."

டாக்டர் கட்டியை மறுபடியும் அளந்தார். மலையாண்டி வெளியே போனான். உடைமரத்தடியில் போய் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது டாக்டர் கர்ப்பப்பையை ஒரு கண்ணாடிச் சாடியில் இறக்கி, மருந்துத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அதை எனக்குக் குடுங்க."

"எதை?"

"அந்தச் சாடிய. ஊருல கொண்டுபோயி வைக்கிறேன். ஊரு கூடுற மந்தையில வைக்கிறேன். புள்ள எங்கடான்னு கேக்குறேன்."

டாக்டரின் கை சாடியின் மேலேயே இருந்தது. அவருக்கு அதை விட மனமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "நான் இதை மதுரைக்குக் கொண்டுபோய் மெல்லிசா சீவி, மைக்ரோஸ்கோப்புல பார்க்கணும். அப்பதான் அடுத்து ஒருத்தி வந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "உங்க மனைவி உடம்பு. நீங்க கேட்டா நான் மறுக்க முடியாது."

கூத்தையா கதவருகே வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. விரித்த கர்ப்பப்பையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அண்ணன்காரன் அப்படியே தலையைத் திருப்பிக்கொண்டான்.

"புள்ள இல்ல மச்சான்" என்றான் மலையாண்டி. "நான் பாத்தேன். ஊருக்கும் காட்டப் போறேன்."

"காட்டு" என்றான் கூத்தையா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "மந்தையில வச்சுக் காட்டு. உசுரோட இருந்தப்ப தண்ணிக்குப் போறப்பக்கூட முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டுப் போறவ. இப்ப எளவட்டப் பயலுகெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாக்கட்டும். சின்னப்பயலுக குச்சிய விட்டுக் கிண்டட்டும். ஒனக்கு ருசு வேணும்ல, கொண்டு போ."

மலையாண்டி சாடியையே பார்த்தான். கொட்டகைக்குள் நாலு எட்டு நடந்தான். கதவுக்கும் மேடைக்குமாக நடந்தான்.

"நீங்களே வச்சுக்கோங்க" என்றான் கடைசியில். "ஆனா பேரு எழுத வேண்டாம்."

"எழுதமாட்டேன்" என்றார் டாக்டர். தையல் போடும்போது வழக்கமான கோணி ஊசித்தையல் போடாமல் நெருக்கி நெருக்கிப் போட்டார்.

மாட்டுவண்டி வெயிலில் கிளம்பியது. செல்லச்சாமி வண்டிக்கு முன்னால் குடை பிடித்து நடந்தார். மலையாண்டி வண்டியில் ஏறவில்லை. வண்டிக்கு ஒருபக்கம் கொஞ்சதூரம் நடந்தான், இன்னொரு பக்கம் மாறினான். வண்டிக்காரன், "ஏறுங்கண்ணே, பாதம் வெந்துரும்" என்று பலதடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். வழியெல்லாம் மலையாண்டி சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்தபடி வந்தான். தவளைக்கு வித்தியாசம் தெரியாது. முத்துப்பிள்ளையின் மிச்சம். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. மனசுக்குள் சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது.

ஊருக்கு வெளியே செத்த உடம்பை ஊருக்குள் கொண்டுபோவதில்லை. கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினார்கள். பாடை தயாராக இருந்தது. சுடுகாட்டு வேலை பார்க்கும் மூக்கையா மூங்கிலைக் கட்டி முடித்து ஒதுங்கி நின்றான். ஆண்கள் ஒருபக்கம் இருந்தார்கள். பெண்களும் வந்திருந்தார்கள். ஆனால் தூரத்தில் நின்றார்கள். யாரும் மாரடிக்கவில்லை. யாரும் தலையை அவிழ்க்கவில்லை. ஒரு சாவுக்கு இத்தனை பெண்கள் சத்தமில்லாமல் நிற்பதை மலையாண்டி அதுவரை பார்த்ததில்லை.

அவன் ஆத்தா இருளம்மாள்தான் முதலில் வண்டியருகே வந்தாள். பிணத்தின் மேல் கிடந்த துணியை விலக்கினாள். தையலைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுத் தச்சுருக்காக" என்றாள், பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கிறமாதிரி.

"இல்லாத்தா. எடுக்க ஒண்ணுமில்ல. நான் உள்ள நின்னு பாத்தேன். கட்டி. கட்டிதான் இருந்துச்சு."

"கட்டியா?"

"முத்துப்புள்ள கலைஞ்சுதுல்ல, நான் போறதுக்கு முன்னாடி? அதோட மிச்சம் உள்ளயே கெடந்து மொளச்சிருக்கு. தவளைக்கு வித்தியாசம் தெரியாதாம். டாக்டர் சொன்னாரு."

பெண்களில் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கினாள். ஆண்கள் பக்கம், "கொழும்புல நல்லா படிச்சுட்டு வந்துருக்கான்" என்று ஒரு குரல்.

"ஏலே" என்றாள் இருளம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. மகன்மேல் பரிதாபம்தான் இருந்தது. "ஒன்னைய நிக்க வச்சு என்னத்தக் காட்டுனாகளோ. ஆட்டு ஈரலக் காட்டிருந்தாலும் நீ நம்பியிருப்ப. கட்டிய எடுக்கவா மதுரையில இருந்து டாக்டர் காரு போட்டு வருவாரு?"

மருத்துவச்சி கருத்தம்மாள் மண்வெட்டிக்காரனோடு முன்னால் வந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். "எடுத்தாச்சாய்யா? இல்லன்னா நான் பாக்கவா? பொழுது எறங்குது."

மலையாண்டி அவளைப் பார்த்தான். அவள்தான் அந்தத் திராட்சைக்குலையைத் தன் கையால் புதைத்தவள். இப்போது கத்தியோடு நிற்கிறாள். கூத்தையா வண்டிச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி ஒரு அடி வைத்தான். இன்னொரு வார்த்தை சொன்னால் அங்கே கைகலப்பாகிவிடும். மறுபடியும் துணியை விலக்குவார்கள். மறுபடியும் பார்ப்பார்கள்.

"எடுத்தாச்சு" என்றான் மலையாண்டி.

கருத்தம்மாள் கத்தியை மடியில் செருகினாள்.

"அது எம்புள்ள."

"ஏலே!" செல்லச்சாமி குடையை மடக்கினார். "நீ போயி ஒன்றர வருசமாச்சு. ஊருக்கு முன்னால என்ன பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் பேசுறேன். நான் போறதுக்கு முன்னாடி உண்டானது. உள்ளயே தங்கிப்போச்சு. எனக்குப் பெறந்ததுன்னு நான் சொல்றேன். கட்டுனவன் சொன்னப்பறம் கேக்குறதுக்கு இங்கன யாரு இருக்கா?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நம்பவில்லை. யாரும் நம்பவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே இருந்தது. ஆனால் புருஷன் தன்னுடையது என்று சபையில் சொல்லிவிட்டால் அதற்குமேல் அந்த ஊரில் பஞ்சாயத்து கிடையாது. வயதில் மூத்தவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்பறம் என்ன? ஆக வேண்டியதப் பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் பெண்கள் தலையை அவிழ்த்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குப் பாடுகிற ஒப்பாரியைத் தொடங்கினார்கள். கடைசியாக வந்து வட்டத்தில் சேர்ந்தவள் இருளம்மாள்.

கூத்தையா மலையாண்டியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கரைக்கு அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"இல்லன்னு கண்ணால பாத்துட்டுத்தான வந்த? இல்லாத புள்ளைய எந்தங்கச்சி வயித்துல நீயே வச்சுட்டியேடா!"

"வச்சேன் மச்சான்."

"ஏன்?"

"இல்லன்னு சொன்னேன், சிரிச்சாக. நீயுந்தான் கேட்டுக்கிட்டு நின்ன. இன்னும் நூறு வாட்டி சொன்னாலும் சிரிப்பாக. எம்புள்ளன்னு சொன்னேன், வாய மூடிக்கிட்டாக. இன்னைக்கு எனக்கு அந்த வாய் மூடணும். அவ்வளவுதான்." மூச்சு வாங்கினான். "முழுப் பொய்யும் இல்ல மச்சான். அந்த டாக்டர் சொன்னத நான் சொல்லக் கேட்டேல்ல. அவளக் கொன்னது என்னோடதுதான்."

கூத்தையா சட்டையை விட்டான். இறங்கிப்போய்ப் பாடையின் ஒரு கொம்பைத் தோளில் ஏற்றினான். எதிர்க்கொம்பை மலையாண்டி எடுத்தான்.

கொள்ளியை மலையாண்டியே வைத்தான்.

எல்லோரும் குளித்துவிட்டுப் போனபிறகும் அவனால் வீட்டுப்பக்கம் போக முடியவில்லை. ஈரத்துணியோடு கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்த மூக்கையா தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"போயி உக்காருங்க சாமி. கொல்லன் பட்டறைத் துருத்திகூட இம்புட்டு அலையாது."

"மூக்கையா, சுமைதாங்கிக்குக் கல்லு எங்கன கெடைக்கும்?"

பிள்ளைத்தாய்ச்சியாகப் போனவள் பேரில் புருஷன் பாதையோரம் கல் நட வேண்டும். தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் யார் துணையுமில்லாமல் இறக்கி வைத்து, திரும்பத் தூக்கிக்கொள்கிற உயரத்துக்கு. பிள்ளை என்று சொன்னபிறகு கல்லும் நட்டாக வேண்டும்.

"கமுதிப் பக்கம் சொன்னா அடிச்சுக் குடுப்பாக. எங்கன நடப்போறீக?"

மலையாண்டி கிழக்கே பார்த்தான். பகலெல்லாம் வண்டி வந்த பாதை. "ராமநாதபுரம் போற தடத்துல. ஆஸ்பத்திரிக்கு நடக்குறவுக வழியில."

"பாதியிலயா, ஊருகிட்டயா?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. உடம்பு முடியாதவள் ஒருத்தி, கூட வர ஆளில்லாமல் நடந்தால், எந்த இடத்தில் நின்றுவிடுவாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, ஈரத்துணியைப் பிழியாமலே, அந்தத் தடத்தில் நடக்கத் தொடங்கினான்.